கோட்டுக்கு வெளியே நின்றவர்

கால்பந்தாட்டக் களத்தின் நாற்புறமும் சுண்ணாம்பினால் ஒரு வெண்கோடு இட்டிருப்பர். ஆரவாரம் அனைத்தும் அக்கோட்டிற்கு உள்ளேதான். பந்தை உதைப்போர், அதனைத் தடுப்போர், மோதி வீழ்வோர், வீழ்ந்து எழுவோர் யாவரும் அங்கே உளர். காண்போர் கண்களும் அவரையே தொடர்ந்து செல்லும். கோட்டிற்கு வெளியே ஒரு பலகையில் அமர்ந்தோ, கைகட்டி நின்றோ ஆட்டத்தை நோக்கிக்கொண்டிருக்கும் ஒருவரை ஏறெடுத்துப் பார்ப்பார் மிகச் சிலரே. அவரே பயிற்சியாளர். அவர் பந்தைத் தொடுதல் ஆகாது. களத்தினுள் அடியெடுத்து வைத்தலும் ஆகாது. அறுபது எழுபது ஆண்டுகட்கு முன் நிகழ்ந்த பெரும் போட்டிகளில், ஆட்டம் தொடங்கிய பின் ஒருவருக்கு மாற்றாக வேறொருவரைக் களத்தில் இறக்கும் வழக்கமும் இல்லை. ஆகவே, நடுவரின் ஊதல் ஒலித்த அக்கணமே பயிற்சியாளரின் ஆட்சி முடிவுறும். அவர் செய்தற்குரியன எல்லாம் அதற்கு முன்பே செய்யப்பெற்றிருத்தல் வேண்டும்.

தலைவன் என்றதும், படைக்கு முன்னே வாளேந்திச் செல்பவனையே உலகம் நினைக்கும். அங்ஙனம் செல்வதற்கு வீரம் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆயின், தாம் பயிற்றியவரை முன்னே செல்லவிட்டு, தாம் வெளியே நின்று, அவர் பிழை செய்யும்போது திருத்தவும் இயலாமல் பார்த்துக்கொண்டிருப்பதற்கு வேறொரு வகை உரம் வேண்டும். அவ்வுரம் வாய்ந்த ஒருவர் ஐதராபாத்து நகரில் வாழ்ந்தார். சையது அப்துல் ரகீம் என்பது அவர் பெயர். ஆட்டக்காரர் அவரை ‘ரகீம் சாகிப்’ என்று அழைத்தனர். இந்தியக் கால்பந்தாட்டம் தன் உச்சியை எட்டிய நாளில் அதனைக் கைப்பிடித்து ஏற்றியவர் அவரே.

ரகீம் 1909-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 17-ஆம் நாள் பிறந்தவர். இளமையில் தாமும் பந்தாடியவர். உசுமானியப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. பட்டம் பெற்றபின் அவர் மேற்கொண்ட தொழில் ஆசிரியத் தொழில். காச்சிகுடா நடுநிலைப் பள்ளியிலும் சாதர்காட் உயர்நிலைப் பள்ளியிலும் பிறவிடங்களிலும் அவர் பணியாற்றினார். பின்னர் உடற்பயிற்சிக் கல்வியில் பட்டயம் பெற்று, மாணவர்தம் விளையாட்டுகளை மேற்பார்க்கும் பொறுப்பை ஏற்றார். 1943-இல் ஐதராபாத்துக் கால்பந்துக் கழகத்தின் செயலாளர் ஆனார். 1950-இல் அந்நகரக் காவல்துறை அணியைப் பயிற்றும் பணி அவரை வந்தடைந்தது. பெரும் புகழ் அவரைத் தேடி வந்தபோது அவர் நாற்பது வயதைக் கடந்துவிட்டார். அதுகாறும் அவர் சிறுவர்க்கு ஆசிரியராகவே இருந்தார். உண்மையில் இறுதிவரை அவர் ஆசிரியராகவே இருந்தார் என்று கூறுதலே பொருந்தும். கரும்பலகை நின்ற இடத்தில் புல்வெளி வந்து சேர்ந்தது. பிறிது மாற்றம் ஒன்றும் இல்லை.

அவர் சிறுவர்க்கென்று நடத்திய போட்டிகளைச் சற்றே ஆராய்ந்தால் இது புலனாகும். பந்து காலில் சிக்கியவுடன், அதனை எவர்க்கும் ஈயாமல், எதிரிகளை ஒருவர்பின் ஒருவராக ஏய்த்துக்கொண்டு தானே நெடுந்தொலைவு உருட்டிச் செல்ல விரும்புதல் சிறுவர் இயல்பு. அதில் ஓர் அழகும் உண்டு, கைதட்டலும் உண்டு. ஆயின், பதினொருவர் ஆடவேண்டிய ஆட்டம் அங்ஙனம் ஒருவர் ஆட்டமாகக் குறுகிவிடுகிறது. ரகீம் இதனைக் கண்டித்து உரை நிகழ்த்தவில்லை. பந்தை உருட்டிச் செல்லுதலே கூடாது என்னும் விதியோடு ஒரு போட்டியை ஏற்படுத்தினார். பந்து வந்தவுடன் தோழனுக்குத் தள்ளிவிடல் வேண்டும். அதற்குத் தோழன் எங்கு நிற்கிறான் என்பதைப் பந்து வருமுன்னரே கண்டுகொள்ளல் வேண்டும். இங்ஙனம் சில திங்கள் ஆடிய சிறுவன், தலை நிமிர்ந்து களம் முழுவதையும் நோக்கத் தானே பழகிவிடுகிறான். மற்றொரு போட்டியில், வலிமை குன்றிய காலால் மட்டுமே பந்தை உதைக்கலாம் என்பது விதி. வலக்காலன் இடக்காலால் உதைக்கத் தலைப்பட்டால், தொடக்கத்தில் காண்போர்க்கு நகைப்பாகத்தான் இருக்கும். பிறிதொரு போட்டியோ குறிப்பிட்ட உயரத்திற்கு மேற்படாத சிறுவர்க்கே உரியது. வளர்ந்த பையன்களோடு ஆடி நசுங்கிப் போகும் சிறு பையன் அங்கே தன் திறமையைத் தானே கண்டுகொள்வான்.

‘செய்யாதே’ என்று நூறு முறை கூறுதல் எளிது. செய்ய இயலாதவாறு ஆட்டத்தையே மாற்றியமைத்தல், சிந்திக்கும் ஆசிரியர்க்கே கைவருவது. அப்போட்டிகளில் ஆடிய சிறுவர் எவரும் தாம் ஒரு பாடம் கற்றுக்கொண்டிருப்பதாக எண்ணியிருக்க மாட்டார்.

இப்பயிற்சியின் விளைவு விரைவில் வெளிப்பட்டது. அந்நாளில் கால்பந்து என்றால் கல்கத்தா நகரமே நினைவிற்கு வரும். மோகன் பகான், கிழக்கு வங்கம், முகம்மதன் என்னும் மூன்று கழகங்களின் பெயர் நாடெங்கும் வழங்கியது. அத்தகைய நாளில், ஐதராபாத்துக் காவலர் அணி, பம்பாயில் நிகழ்ந்துவந்த ரோவர்சுக் கோப்பையை 1950 முதல் 1954 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து வென்றது. தில்லியில் நிகழ்ந்துவந்த டூரண்டுக் கோப்பையையும் 1950-இல் வென்றது. ஓராண்டு வெல்வதற்கு ஊழும் துணை செய்யலாம். ஐந்தாண்டு தொடர்ந்து துணை செய்யும் ஊழ் எங்கும் இல்லை.

1951-இல் முதலாவது ஆசிய விளையாட்டு விழா தில்லியில் நடைபெற்றது. ரகீம் பயிற்றிய இந்திய அணி இறுதியாட்டத்தில் ஈரானை ஒரு கோலால் வென்று தங்கப் பதக்கம் பெற்றது. அக்கோலை அடித்தவர் மேவாலால். நாடு மகிழ்ந்தது. அடுத்த ஆண்டிலேயே அம்மகிழ்ச்சிக்கு ஒரு பேரிடி வந்தது.

1952-இல் பின்லாந்து நாட்டின் தலைநகராகிய எல்சிங்கியில் ஒலிம்பிக்கு விழா நிகழ்ந்தது. இந்திய அணி யூகோசுலாவியாவை எதிர்த்து ஆடி, பத்துக்கு ஒன்று என்னும் கணக்கில் தோற்றது. இந்திய ஆட்டக்காரருட் பெரும்பாலோர் அந்நாளில் வெறுங்காலோடு ஆடுபவர். வெயிலில் உலர்ந்த நம் நாட்டுத் திடல்களில் வெறுங்கால் ஒரு குறையன்று. அதனை ஒரு நயமாகவே கருதினர். விரல்கள் பந்தை உணரும். கால் இலேசாக இயங்கும். எதிரி எதிர்பாராத திசையில் பந்தைத் திருப்பிவிடலாம். வடநாட்டுக் குளிரிலும் ஈரத்திலும் அந்நயம் உதவவில்லை. நிலம் வழுக்கியது, தடித்த பூட்சு அணிந்த எதிரிகளோடு மோதுதலும் அரிதாயிற்று. இத்தோல்விக்குப் பின்னர், பூட்சு அணிந்தே ஆடவேண்டும் என்று அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு விதி செய்தது.

தோல்விக்குக் காரணம் கூறுதல் எவர்க்கும் எளிது. குளிரைக் கூறலாம், நிலத்தைக் கூறலாம், ஊழையும் கூறலாம். வெறுங்காலாட்டத்தில் பழகி அதனாலேயே புகழும் பெற்ற ஒருவர், இருபத்தைந்து வயதிற்குமேல் பூட்சு அணிந்து மீண்டும் நடை பழகும் குழந்தையைப்போலத் தொடங்குதல் எத்துணைக் கடினம் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். தாம் வல்லவராக விளங்கிய ஒன்றைக் கைவிடுமாறு ஒருவரை இசைவித்தல், அறியாத ஒன்றை அவர்க்குக் கற்பித்தலினும் அரிது. நான்கே ஆண்டுகளில் இந்திய அணி பூட்சணிந்து உலக அரங்கில் தலைநிமிர்ந்து ஆடியது என்றால், அந்நான்காண்டு உழைப்பின் அளவை ஒருவாறு உணரலாம்.

பூட்சோடு மாற்றம் நின்றுவிடவில்லை. 1953-இல் அங்கேரி நாட்டு அணி, இங்கிலாந்தை அதன் சொந்த மண்ணிலேயே ஆறுக்கு மூன்று என்று வென்று உலகை வியக்கச் செய்தது. அவ்வணியின் நடு முன்னணி ஆட்டக்காரர், எதிரியின் கோலருகே நில்லாமல், பின்னோக்கி வந்து நின்று ஆடினார். அவரைக் காக்க நியமிக்கப்பெற்றவர், அவரோடு செல்வதா, தம் இடத்திலேயே நிற்பதா என்று அறியாமல் திகைத்தார். எதிரியின் அத்திகைப்பே அங்கேரியின் செல்வமாயிற்று. இப்புது முறையின் பயனை ரகீம் உணர்ந்து, தம் அணிக்கும் அதனைப் பயிற்றினார். பின்னணியில் நால்வரும், நடுவே இருவரும், முன்னணியில் நால்வருமாக நின்று ஆடும் முறைக்கு அது வழி வகுத்தது. பிரேசில் நாடு 1958-இல் உலகக் கோப்பையை வென்று அம்முறையை எங்கும் பரப்புவதற்கு முன்பே, இந்திய அணி அவ்வழியில் அடி வைத்திருந்தது. வெளிநாட்டார் செய்வதெல்லாம் நன்று என்று ஏற்பவரும் உளர்; நம் முன்னோர் ஆடியவாறே ஆடுவோம் என்பவரும் உளர். இவ்விருவரையும் விட்டு, தம் பிள்ளைகளுக்கு எது பொருந்தும் என்று மட்டும் நோக்கினார் ரகீம்.

1956-இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கு விழாவில் இந்திய அணி ஆத்திரேலியாவை நான்குக்கு இரண்டு என வென்றது. அவ்வாட்டத்தில் நெவில் டிசூசா மூன்று கோல்கள் அடித்தார். ஒலிம்பிக்குக் கால்பந்தில் ஓராட்டத்தில் மூன்று கோல் அடித்த முதல் ஆசியர் அவரே. அரையிறுதியில் எதிர்ப்பட்டது, பத்துக் கோல் அடித்த அதே யூகோசுலாவியா நாடு. இம்முறை முதற் கோலை அடித்தது இந்தியா. பின்னர் யூகோசுலாவியர் மீண்டெழுந்து நான்குக்கு ஒன்று என வென்றனர். மூன்றாம் இடத்திற்குரிய ஆட்டத்தில் பல்கேரியாவிடம் தோற்று, இந்தியா நான்காம் இடம் பெற்றது. பதக்கம் கிடைக்கவில்லைதான்; ஆயினும் பத்துக்கு ஒன்று என்று நகைக்கப்பெற்ற அணி, உலகில் நான்காவதாக நின்றது. ஒலிம்பிக்குக் கால்பந்தில் இந்தியா எட்டிய மிக உயர்ந்த இடம் இன்றளவும் அதுவே.

ஓர் அணியை உருவாக்குபவர் முதற்கண் மனிதரை அறிதல் வேண்டும். செகந்தராபாத்தைச் சார்ந்த துளசிதாசு பலராமன் வறிய குடும்பத்து இளைஞர். அவர் ஆட்டத்தைக் கண்ட ரகீம் பயிற்சிக்கு வருமாறு அழைத்தார். ஐதராபாத்திற்கு நாள்தோறும் வந்து போக வழியில்லை என்றார் அவ்விளைஞர். வாடகை மிதிவண்டிக்குரிய பொருளை ரகீமே கொடுத்து வரச்செய்தார் என்பர். மிதிவண்டி வாடகை ஒரு பெருந்தொகை அன்று. ஆயின், ஓர் ஆட்டக்காரர் வாராமைக்குக் காரணம் சோம்பலா, வறுமையா என்று வினவி அறியும் பயிற்சியாளர் பலர் இலர். அப்பலராமன் பின்னாளில் மெல்போர்ன், உரோமை, ஜகார்த்தா என மூன்று விழாக்களிலும் இந்தியாவிற்காக ஆடினார்.

மனிதரை அறிதல் வேறு. அவர்பால் சார்தல் வேறு. 1960-இல் உரோமை ஒலிம்பிக்கு விழாவிற்குச் சென்ற இந்திய அணியில் ரகீமின் மகன் சையது சாகித் அக்கீமும் இடம் பெற்றிருந்தார். அவ்விழாவில் இந்தியா மூன்று ஆட்டங்கள் ஆடியது. அங்கேரியிடம் ஒரு கோல் குறைவாகத் தோற்றது. பிரான்சோடு ஒன்றுக்கு ஒன்று எனச் சமன் செய்தது. பெருநாட்டிடம் மூன்றுக்கு ஒன்று எனத் தோற்றது. மூன்றாம் ஆட்டத்தின்போது அடுத்த சுற்றுக்குச் செல்லும் வாய்ப்பு அற்றுப் போயிருந்தது. மகன் ஒருமுறை ஒலிம்பிக்குக் களத்தில் இறங்கட்டும் என்று தந்தை எண்ணியிருந்தால், உலகம் அதனைப் பெருங்குற்றமாகக் கருதியிராது. அக்கீம் ஓராட்டத்திலும் களம் இறங்கவில்லை. தந்தையும் மகனும் அன்றிரவு யாது பேசினர் என்பதை வரலாறு குறித்து வைக்கவில்லை, அது நன்றே. அக்கீம் பின்னாளில் பன்னாட்டு நடுவராகவும் பயிற்சியாளராகவும் விளங்கி, 2017-இல் தியான் சந்து விருதும் பெற்றார். தந்தை காட்டிய கண்டிப்பு அவர்க்கு ஆட்டத்தின்மீது வெறுப்பை உண்டாக்கவில்லை என்பது இதனால் தெளிவு.

1962-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் இறுதியில், இந்தோனேசிய நாட்டின் தலைநகராகிய ஜகார்த்தாவில் நான்காவது ஆசிய விளையாட்டு விழா தொடங்கியது. ரகீமின் வாழ்வில் அதுவே இறுதி விழா. அவர் உடல் நலம் குன்றியிருந்தது. புற்றுநோய் அவரை உள்ளிருந்து அரித்துக்கொண்டிருந்த காலம் அது.

தொடக்கமே இழுக்காயிற்று. முதலாட்டத்தில் தென்கொரியா இந்தியாவை இரண்டு கோல்களால் வென்றது. அடுத்து, தாய்லாந்தை நான்குக்கு ஒன்று என இந்தியா வென்றது. எனினும், அவ்வாட்டத்தில் பின்னணிக்குத் தூணாக விளங்கிய ஜர்னெயில் சிங்கின் தலையில் பெருங்காயம் ஏற்பட்டுத் தையல் இட நேர்ந்தது. சப்பானோடு ஆடிய ஆட்டத்தை இந்தியா இரண்டு கோல்களால் வென்று அரையிறுதிக்கு வந்து சேர்ந்தது. இப்பொழுது ரகீமின் முன் ஒரு வினா நின்றது. தலையில் கட்டோடு இருக்கும் ஜர்னெயிலை என் செய்வது?

பின்னணியில் நிற்பவர் உயர்ந்து வரும் பந்துகளையெல்லாம் தலையால் மோதித் தள்ளுதல் வேண்டும்; அதில் அவர் விருப்பத்திற்கு இடமில்லை. ஒரு பந்தை விட்டுவிட்டால் எதிரி கோல் அடித்துவிடுவான். முன்னணியில் நிற்பவர்க்கோ, எப்பந்தைத் தலையால் தொடுவது, எதனை விடுவது என்னும் உரிமை ஓரளவு உண்டு. அன்றியும், ஜர்னெயிலின் பேருருவமும் அஞ்சாமையும் எதிரியின் பின்னணியைக் கலக்கவல்லன. ரகீம் அவரை முன்னணிக்கு மாற்றினார். அவர் நின்ற இடத்தில் அருண் கோசு நின்றார். பின்னணி வீரரை முன்னணியில் நிறுத்துவதைக் கேட்டோர் வியந்திருப்பர். அரையிறுதியில் தென்வியத்துநாமை மூன்றுக்கு இரண்டு என இந்தியா வென்றது. தலைக்கட்டோடு ஆடிய ஜர்னெயிலும் ஒரு கோல் அடித்தார். காயமுற்றவரை விலக்கிவிடுதல் ஒரு வழி. இரக்கமின்றிப் பழைய இடத்திலேயே நிறுத்துதல் மற்றொரு வழி. காயத்தோடும் ஒருவர் எங்கே பயன்படுவார் என்று தேடியது ரகீமின் வழி.

இதற்குள் களத்திற்கு வெளியே ஒரு புயல் எழுந்திருந்தது. இசுரேல், தைவான் ஆகிய நாடுகளின் ஆட்டக்காரர்க்கு இந்தோனேசிய அரசு நுழைவு அனுமதி வழங்கவில்லை. ஆசிய விளையாட்டு விழாவைத் தோற்றுவித்தவருள் ஒருவராகிய குருதத்த சோந்தி என்னும் இந்தியர் இதனை வன்மையாகக் கண்டித்தார்; சில நாடுகளை விலக்கி நடத்தும் விழாவிற்கு ஆசிய விழா என்னும் பெயர் பொருந்தாது என்றார். அவர் கூறியது முறையே. ஆயினும், விருந்தோம்பிய நாட்டு மக்களுக்கு அது தம்மை இழித்துரைத்ததாகத் தோன்றியது. சினம் மூண்டது. செப்டம்பர் 3-ஆம் நாள் மக்கட் கூட்டம் இந்தியத் தூதரகத்தைத் தாக்கியது. மறுநாள் கால்பந்து இறுதியாட்டம். எதிர்ப்பட்டிருந்ததோ, முன்னர் வென்ற அதே தென்கொரியா.

யார் கூறிய சொல்லுக்கோ, அதனோடு தொடர்பில்லாத இளைஞர் பதினொருவர் ஏச்சைச் சுமக்க வேண்டியதாயிற்று. அந்நிலையில் இளைஞர் உள்ளம் இருவகையாகத் திரியக்கூடும்; அஞ்சி ஒடுங்கலாம், அல்லது சினந்து தாறுமாறாக ஆடலாம். இரண்டும் தோல்விக்கே வழி. இறுதியாட்டத்திற்கு முன், ரகீம் தம் ஆட்டக்காரரிடம் தமக்கு ஒரு பரிசு வேண்டும் என்று கேட்டதாகவும், அப்பரிசு தங்கப் பதக்கமே என்று கூறியதாகவும் அவர்கள் முதுமையிலும் நினைவு கூர்ந்தனர். கட்டளையிடும் உரிமை உடையவர் அன்று கட்டளையிடவில்லை, கேட்டார். நோயால் மெலிந்து நின்ற ஆசிரியர் கேட்டபின், அரங்கில் எழப்போகும் கூச்சல் அப்பிள்ளைகளுக்குப் பெரிதாகத் தோன்றியிராது.

உருக்கம் ஒருபுறம் இருக்க, ரகீம் செய்ய வேண்டிய கணக்கு ஒன்று எஞ்சியிருந்தது. அரையிறுதியில் கோல் காவலராக நின்றவர் பிரத்யுத் பர்மன். பீட்டர் தங்கராசு காய்ச்சலுற்றுக் கிடந்து எழுந்திருந்தார். தங்கராசு ஐதராபாத்தில் பிறந்தவர். நீலகிரியில் வெலிங்டனில் உள்ள சென்னைப் படைப்பிரிவின் மையத்தில் சேர்ந்து, அங்கே முன்னணி ஆட்டக்காரராகத் தொடங்கிக் கோல் காவலராக மாறியவர். 1958-இல் ஆசியாவின் சிறந்த கோல் காவலர் என்று பாராட்டப் பெற்றவர். ஆறடிக்கு மேற்பட்ட உயரம் உடையவர். கொரியரோ உயரப் பந்துகளை அனுப்பித் தாக்குவதில் வல்லவர். வென்று வந்த அணியில் கைவைத்தல் ஆகாது என்பது பயிற்சியாளர் பலரும் போற்றும் விதி. அவ்விதியின்படி பர்மனே நின்றிருத்தல் வேண்டும். ரகீம் தங்கராசைத் தேர்ந்தார். தேர்வு பிழைத்திருந்தால், நோயிலிருந்து எழுந்தவரை நிறுத்தினார் என்று நாடு முழுதும் அவரைத் தூற்றியிருக்கும். குற்றம் ஏதும் செய்யாத பர்மனுக்கு இது எத்தகைய துயரம் தந்திருக்கும் என்பதையும் நினைத்தல் வேண்டும். தலைமையின் சுமை இத்தகைய இடங்களில்தான் தெரியும். நல்லவன் ஒருவனை நீக்கி மற்றொரு நல்லவனை நிறுத்தும்போது, எவர் வாயிலிருந்தும் புகழ் வாராது.

செப்டம்பர் 4-ஆம் நாள், செனாயன் பேரரங்கில் ஏறத்தாழ ஓரிலக்கம் மக்கள் குழுமினர். இந்தியர் பந்தைத் தொடுந்தோறும் ஏளனக் கூச்சல் எழுந்தது. அக்கடலிடையே இந்தியாவை வாழ்த்தி ஒலித்த குரல் ஒன்றுண்டு. அது பாக்கிசுத்தான் வளைகோற்பந்து அணியினருடையது. தம் இறுதியாட்டத்தில் இந்தியாவை வென்று தங்கம் பெற்றவர் அவர். ஆயினும், கால்பந்தில் இந்தியா வெல்லவேண்டும் என்று அரங்கிலே அமர்ந்து ஊக்கினர். அரசியல் பிரித்தவரை ஆட்டம் ஒரு பொழுதேனும் அருகே அமர்த்தியது.

ஆட்டம் தொடங்கிய பதினேழாம் நிமிடத்தில் பி. கே. பானர்ஜி முதற் கோலை அடித்தார். மூன்று நிமிடம் கழியுமுன் இரண்டாம் கோலும் விழுந்தது. அடித்தவர் யார்? தலைக்கட்டோடு முன்னணியில் நின்ற ஜர்னெயில் சிங்கு! அதன்பின் கொரியர் விடாது தாக்கினர். உயர்ந்து வந்த பந்துகளைத் தங்கராசின் நீண்ட கைகள் பற்றின. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது கொரியர் ஒரு கோல் அடித்தனர். எஞ்சிய நிமிடங்கள் இந்தியர்க்கு நீண்ட யுகங்களாயின. அணித்தலைவர் சூனி கோசுவாமியும் தோழரும் களத்தினுள் ஓடவாவது செய்தனர். ஓடினால் அச்சம் ஒருவாறு அடங்கும். கோட்டிற்கு வெளியே நின்றவர்க்கு அவ்வாறுதலும் இல்லை. ஊதல் ஒலித்தது. இரண்டுக்கு ஒன்று என இந்தியா வென்றது. கேட்ட பரிசைப் பிள்ளைகள் கொடுத்துவிட்டனர்.

ஒன்பது திங்கள் கழிந்தன. 1963-ஆம் ஆண்டு ஜூன் 11-ஆம் நாள் ரகீம் மறைந்தார். அவர்க்கு வயது ஐம்பத்து மூன்று. ஆசிய விளையாட்டு விழாவின் கால்பந்துப் போட்டியில் இந்தியா அதன் பின்னர்த் தங்கம் பெறவில்லை.

அவரிடம் பயின்றவர் ஆட்டத்தை விட்டு அகலவில்லை. 1970-இல் பாங்காக்கு நகரில் நிகழ்ந்த ஆசிய விழாவில் இந்திய அணி சப்பானை வென்று வெண்கலப் பதக்கம் பெற்றது. அவ்வணியைப் பயிற்றியவருள் ஒருவர் பி. கே. பானர்ஜி. ஜகார்த்தாவில் முதற் கோலை அடித்த அவர், பாங்காக்கில் கோட்டுக்கு வெளியே நின்று கொண்டிருந்தார்.